மூன்று பெட்டிகளும் இரண்டு மரங்களும்

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவர் வீடுகளிலும் தேவாலயங்களிலும் குடில் கட்டும் வேலை மும்முரமாகிவிடும். வைக்கோல் பரப்பிய கொட்டில், நடுவில் குழந்தை இயேசு, பக்கத்தில் மரியாளும் யோசேப்பும், சுற்றிலும் ஆடுமாடுகளும் இடையர்களும். ஓர் ஓரத்தில் ஒட்டகத்தோடு மூன்று பேர் நிற்பார்கள். ஆளுக்கொரு பெட்டி கையில் இருக்கும். அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

விவிலியத்தில் மத்தேயு எழுதிய நற்செய்தியில் இந்தக் கதை வருகிறது. கிழக்கு நாட்டு ஞானிகள் சிலர் வானத்தில் ஒரு விண்மீனைக் கண்டு புறப்பட்டு, பெத்லகேமுக்கு வந்து, குழந்தையை வணங்கி, மூன்று பொருள்களைக் கொடுத்தார்கள். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். வந்தவர்கள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. பரிசுகள் மூன்று என்பதால் ஆள்களும் மூன்று என்று பிற்காலத்தார் வைத்துக்கொண்டார்கள். ஜனவரி 6ஆம் தேதி கொண்டாடப்படும் மூன்று ராஜாக்கள் திருநாள் இவர்களுடையது.

யோசித்துப் பாருங்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் சட்டை கொண்டுபோவார்கள், கிலுகிலுப்பை கொண்டுபோவார்கள். இவர்கள் கொண்டுபோன மூன்றில் இரண்டு மரப்பிசின்! ஏன்?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் மிகப் பழைய காலத்திலேயே ஒரு விடை சொல்லிவிட்டார்கள். 2ஆம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில் ஆயராக இருந்த இரேனியு அதை எழுதி வைத்திருக்கிறார். பொன் அரசனுக்கு உரியது. சாம்பிராணி கடவுளுக்கு உரியது. வெள்ளைப்போளம் இறந்தவரை அடக்கம் செய்யப் பயன்படுவது. ஆகவே இந்தக் குழந்தை அரசர், இவர் கடவுள், இவர் மனிதருக்காக இறக்கப்போகிறவர் என்று அந்த மூன்று பொருள்களும் சொல்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். கடவுளே மனித உடல் எடுத்துப் பிறந்தார் என்பதுதான் நம்பிக்கையுள்ள கிறிஸ்தவருக்குக் கிறிஸ்துமஸின் உள்ளர்த்தம். புத்தாடையும் கேக்கும் வண்ண விளக்கும் அதைச் சுற்றி வந்து சேர்ந்தவை.

அரசனுக்குப் பொன், கடவுளுக்குச் சாம்பிராணி, சாவுக்குப் போளம் என்று அந்தக் காலத்து மக்கள் சும்மா பிரித்து வைக்கவில்லை. ஒவ்வொரு பொருளிலும் ஒரு தன்மையைக் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தத் தன்மை எங்கிருந்து வருகிறது என்பதை இப்போது அறிவியல் நமக்குச் சொல்கிறது.

முதலில் பொன். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், உங்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான். பொன் துருப்பிடிக்காது, கறுக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது எளிதில் சேர்வதில்லை. அதனால்தான் மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பொற்காசும் எடுத்துத் துடைத்தால் பளபளக்கிறது. என்றும் மங்காத ஆட்சிக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் கிடைக்குமா? இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. பூமியிலுள்ள பொன் பூமியில் உண்டானதல்ல. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றானதை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அத்தகைய மோதலில் பொன் போன்ற கனமான தனிமங்கள் பெருமளவில் உருவாகின்றன. விண்மீனைப் பின்தொடர்ந்து வந்தவர்கள், விண்மீன்களில் பிறந்த ஒரு பொருளையே கையில் கொண்டுவந்தார்கள். அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இனி மரங்களுக்கு வருவோம்.

சாம்பிராணி என்றதும் நம் ஊர்க் கடையில் கிடைப்பது நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் சுமத்ரா போன்ற தென்கிழக்காசியப் பகுதிகளில் வளரும் வேறொரு மரத்தின் பிசின். ஞானிகள் கொண்டுவந்தது பாஸ்வெல்லியா என்ற இன மரத்தின் பிசின். அரபுத் தீபகற்பத்தின் தென் கரையில், இன்றைய ஓமானின் தோபார் பகுதியிலும் ஏமனிலும், கடலுக்கு அப்பால் சோமாலியாவிலும் அது வளர்கிறது. மரம் என்றால் ஆலமரம்போல நினைத்துவிடாதீர்கள். பாறை இடுக்கிலிருந்து முறுக்கிக்கொண்டு கிளம்பும் குட்டை மரம். காகிதம்போல உரியும் பட்டை. நமக்குக் குற்றாலத்தில் சாரல் தருகிறதே தென்மேற்குப் பருவக்காற்று, அதே பருவம் தோபார் மலைகளின் கடலோரச் சரிவை மூன்று மாதம் பச்சையாக்குகிறது. இந்த மரமோ அந்த மலைகளுக்குப் பின்னால், மழை எட்டாத வறண்ட பக்கத்தில் நிற்கிறது.

பிசின் எடுப்பவர் ஒரு சிறிய கத்தியால் பட்டையில் ஒரு துண்டைச் சீவுவார். அடியில் பச்சையாக ஒரு தளம் தெரியும். சில நொடிகளில் அதில் வெள்ளை வெள்ளையாகப் பால் அரும்பும். ஊசிமுனை அளவு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, உருண்டு, சொட்டாகத் தொங்கும். அதைத் தொடாமல் விட்டுப் போய்விடுவார்கள். இரண்டு வாரம்போலக் கழித்து வந்தால் சொட்டு கெட்டியாகி இருக்கும். முதல் சீவலில் வந்தது மட்டம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி சீவுவார்கள். அடுத்தடுத்த சீவலில் வருவதுதான் நல்ல சாம்பிராணி.

மரம் ஏன் இப்படிச் செய்கிறது? விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் இரத்தம் உறைந்து மேலே பொருக்கு கட்டுகிறது அல்லவா, அதே வேலைதான். காயத்தின் வழியாகப் பூச்சியும் பூஞ்சையும் உள்ளே போகக் கூடாது. அதற்காகப் பட்டையின் உட்புறத்தில் நுண்ணிய குழாய்களில் மரம் பிசினைத் தயாராக வைத்திருக்கிறது. காயம்பட்டால் அது வெளியே வந்து வாயை அடைத்துவிடும். நாம் நுகரும் நறுமணம், மரத்தின் புண்ணுக்கு மரமே தயாரித்த மருந்து.

தணலில் ஒரு துண்டைப் போட்டால் என்ன நடக்கிறது? முதலில் ஓரம் மினுமினுக்கும், பிறகு இளகிக் கொப்பளிக்கும். எளிதில் ஆவியாகும் லேசான மூலக்கூறுகள் முதலில் பறக்கும். அவற்றில் ஒன்று ஆல்பா பைனீன். பைன் மரக் காட்டின் வாசனைக்குக் காரணமும் இதுதான், கிறிஸ்துமஸ் மரமாக வெட்டிவரும் ஊசியிலை மரங்களிலும் இது உண்டு. கனமான மூலக்கூறுகள் பின்னால் கிளம்பும். பழைய தேவாலயத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்தத் தனி மணத்துக்கு எது காரணம் என்று நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2016இல்தான் பிரெஞ்சு வேதியியலாளர்கள், பிசினில் மிகமிகச் சிறிய அளவில் இருக்கும் ஒலிபானிக் அமிலங்கள் என்ற பொருள்களைப் பிரித்தெடுத்து விடை சொன்னார்கள்.

சூடான காற்று லேசானது, அதனால் புகை மேலே போகிறது. எருசலேம் ஆலயத்தில் தினமும் காலையும் மாலையும் தூபம் காட்டிய யூதர்கள், மேலே எழும் அந்தப் புகையில் மனிதரின் வேண்டுதல் கடவுளிடம் போவதைக் கண்டார்கள். ஆலயத்தில் கடவுளுக்குக் காட்டும் பொருளை ஒரு தச்சன் வீட்டுக் குழந்தையின் முன் வைப்பது என்றால், அது எவ்வளவு பெரிய அறிவிப்பு!

இந்தப் பிசினுக்காகப் பழைய உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அரசி ஹட்ஷெப்சுட், புன்ட் என்ற நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பி, நறுமணப் பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்து எடுத்துவரச் செய்தார். அந்தக் காட்சியைத் தெய்ர் எல் பஹ்ரி கோயில் சுவரில் இன்றும் காணலாம். தோபார் கரையில் சாம்பிராணி ஏற்றுமதி செய்த பழைய துறைமுகம் கோர் ரோரி. அங்கே இத்தாலிய அகழ்வாய்வாளர்கள் 2006இல் உடைந்த பானை ஓடு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதில் தமிழ் பிராமி எழுத்தில் கீரன் என்ற பெயர் இருந்தது! காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. இயேசுவின் கதை நடந்த காலத்தை ஒட்டி, நம் கீரன் ஒருவர் சாம்பிராணித் துறைமுகத்தில் நடமாடியிருக்கக்கூடும். அதை எண்ணும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மூன்றாவது பெட்டியில் வெள்ளைப்போளம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இன்றும் எடுத்துத் தருவார்கள். பெயரில் வெள்ளை இருந்தாலும் நிறம் செம்பழுப்பு. கமிஃபோரா என்ற இனத்து முள்மரத்தின் பிசின் இது. பாஸ்வெல்லியாவும் இதுவும் ஒரே குடும்பம், பட்டையில் காயம் பட்டால் பிசின் வடிப்பதிலும் ஒன்றுபோலத்தான். சுவையில்தான் வேறுபாடு. போளம் கடுங்கசப்பு. நுண்ணுயிர்களை வளரவிடாத தன்மை இதற்கு உண்டு. அதனால் எகிப்தியர்கள் இறந்தவரின் உடல் கெடாமலிருக்க இதைப் பயன்படுத்தினார்கள். புண்ணுக்கும் பல்வலிக்கும்கூடப் பழைய வைத்தியர்கள் கொடுத்தார்கள்.

1996இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகர ஆய்வாளர்கள் போளத்திலுள்ள சில பொருள்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு வலியுணர்வு குறைந்தது. வலிநீக்கி மருந்தான மார்பின் மூளையில் எந்த ஏற்பிகளில் போய் ஒட்டுமோ, அவற்றின் வழியாகவே போளமும் வேலை செய்தது.

இப்போது இயேசுவின் வாழ்க்கையின் மறுமுனைக்குப் போங்கள். சிலுவையில் அறைவதற்கு முன் போளம் கலந்த திராட்சை ரசத்தை அவருக்குக் கொடுத்தார்கள் என்றும், அவர் அதைக் குடிக்கவில்லை என்றும் மாற்கு நற்செய்தி சொல்கிறது. வலியைக் குறைக்கும் மருந்தை அவர் மறுத்துவிட்டார். இறந்தபின் நிக்கோதேமு என்பவர் போளமும் கரியபோளமும் கலந்து கொண்டுவந்தார். யோவான் நற்செய்தி சொல்லும் நூறு இராத்தல், இன்றைய கணக்கில் சுமார் 33 கிலோ. தொட்டிலருகே வந்த அதே பொருள் கல்லறைக்கும் வந்துவிட்டது.

கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸை வெறும் பிறந்தநாளாக எண்ணாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பசிக்கும், காயப்படும், வலிக்கும், சாகும் ஓர் உடலைக் கடவுள் விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று அவர்கள் நம்புகிறார்கள். காயப்பட்ட இடத்திலிருந்து மணம் வடிக்கும் இரண்டு மரங்கள் அந்த நம்பிக்கைக்கு அருகில் நிற்பது எனக்கு மிக அழகாகத் தோன்றுகிறது. இது விஞ்ஞானக் கருவியால் அளக்கும் விஷயமல்ல. ஆனால் மரத்தைத் தெரிந்துகொண்டவருக்குக் கதையின் ஆழம் கூடுகிறது.

ஒரு கவலையான செய்தியும் உண்டு. இன்று உலகம் பயன்படுத்தும் சாம்பிராணியில் பெரும்பங்கைத் தரும் மரம் எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் காடுகளில் நிற்கும் பாஸ்வெல்லியா பாபிரிஃபெரா. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே இளங்கன்றுகளே கண்ணில் படுவதில்லை என்கிறது. முளைப்பதை ஆடுமாடு மேய்ந்துவிடுகிறது, மிச்சத்தைத் தீ அழித்துவிடுகிறது. நிற்கும் மரங்களையும் ஓய்வில்லாமல் சீவுகிறார்கள். இப்படியே போனால் 20 ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகிவிடும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. முறைப்படி சில பருவம் ஓய்வு கொடுத்தால் மரம் தேறிக்கொள்ளும். கன்றுகளைச் சில ஆண்டு வேலி கட்டிக் காக்கவும் வேண்டும்.

வேலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் வேலியாக வைத்திருக்கும் முள்கிளுவையைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் கமிஃபோரா இனம்தான், வெள்ளைப்போள மரத்துக்குச் சொந்தம்!

விடுமுறையில் ஒரு சோதனை செய்யுங்கள். முருங்கை அல்லது கருவேல மரத்தில் தானாக வடிந்து காய்ந்த பிசினில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை வெட்டிவிடாதீர்கள். கடையில் ஒரு துண்டு கட்டிச் சாம்பிராணி வாங்குங்கள். கரித்தூள் கலந்த கப் சாம்பிராணி வேண்டாம். இரண்டையும் தனித்தனி டம்ளர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் ஒன்று ஊறிக் குழைந்தோ கரைந்தோ இருக்கும், மற்றது கல்போல அப்படியே கிடக்கும். ஊறுவது பிசினில் ஒரு வகை, கோந்து. கரையாதது இன்னொரு வகை, நெருப்பில் மணப்பது இதுதான். போளத்திலும் ஞானிகள் கொண்டுவந்த சாம்பிராணியிலும் இரண்டு வகையும் கலந்திருக்கும். முடிந்தால் நாட்டு மருந்துக் கடையில் சிறிது போளம் வாங்கி மூன்றாவது டம்ளரில் போடுங்கள். அந்தத் தண்ணீர் என்ன நிறமாகிறது, அடியில் என்ன தங்குகிறது என்று கவனித்து எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் ஊரில் கிளுவை வேலி இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.