கணினிக் கணக்கு: முதல் நாள் பதிவே அத்திவாரம்

"கணக்கு வைக்க நல்ல மென்பொருள் எது?" என்று வர்த்தகர்கள் பலர் என்னிடம் கேட்கின்றனர். டெலி, குவிக்புக்ஸ் என்று பெயர் சொல்வது இலகு. நான் திருப்பிக் கேட்பது இதுதான்: இன்று உங்கள் கடையில் எவ்வளவு பெறுமதியான சரக்கு இருக்கிறது? உங்களுக்கு யார் யார் தர வேண்டும்? நீங்கள் யாருக்குக் கொடுக்க வேண்டும்?

எந்த மென்பொருளும் இந்த ஆரம்ப மீதிகளின் மேல்தான் கணக்கைக் கட்டுகிறது. ஆரம்பச் சரக்கை 5 இலட்சம் ரூபா குறைத்துப் பதிந்தீர்கள் என்று வையுங்கள். வருட முடிவில் சரக்கைச் சரியாக எண்ணினாலும், இலாபம் 5 இலட்சம் கூடுதலாகவே காட்டும். வராத இலாபத்துக்கு வரியும் கட்டி, பங்காளிக்குப் பங்கும் கொடுக்க நேரிடும்.

எனவே ஒரு திகதியைத் தீர்மானியுங்கள். நமது வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரல் 1 பொருத்தமானது. முந்திய இரவு கடையைப் பூட்டியதும் சரக்கை எண்ணி, வாங்கிய விலையில் கணக்கிடுங்கள். விற்கும் விலையைப் போட வேண்டாம். பழுதானவற்றையும் தேங்கிக் கிடப்பவற்றையும் அதைவிடக் குறைவாகத்தான் விற்கலாம் என்றால், கைக்கு வரக்கூடிய தொகையை மட்டும் பதியுங்கள். கடன் கொப்பியிலுள்ளவர்களைப் பெயர் பெயராக ஏற்றுங்கள். பின்திகதியிட்டுக் கொடுத்த காசோலைகள் வங்கியில் கழியும்வரை உங்கள் கடனே, அவற்றையும் சேருங்கள்.

அடுத்தது லாச்சி. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கும் பணம் கடைச் செலவல்ல, உரிமையாளரின் எடுப்பனவு. அதை அன்றன்றே பதியாவிட்டால் கணினி காட்டும் காசு மீதியும் லாச்சியில் உள்ள காசும் ஒருநாளும் ஒத்துவராது.

முதல் இரண்டு மாதங்கள் பழைய கொப்பியையும் கைவிடாதீர்கள். ஒவ்வொரு நாள் மாலையும் இரண்டையும் ஒப்பிட்டால் பிழை எங்கே என்று உடனே தெரியும்.

இதில் அசட்டை கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தபோது, அதற்குப் பதிய வேண்டிய வருட விற்பனை எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாகக் குறைக்கப்பட்டது. நடுத்தரக் கடைகள் பலவும் அந்த எல்லைக்கு அருகே வந்தன. தன் விற்பனை எவ்வளவு என்று அறியாத வர்த்தகர், எல்லையைத் தாண்டியதை வரித் திணைக்களத்தின் கடிதம் வந்த பிறகே அறிவார்.

மென்பொருளை நாளைக்கும் வாங்கலாம். சரக்கை எண்ணும் வேலையை இவ்வாரமே தொடங்குங்கள்.