லேப்டாப் தூங்கி எழுந்தால் திரை ஏன் இருட்டு?

பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி. மெஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில் லேப்டாப்பை அப்படியே மூடிவிட்டுப் போனேன். திரும்பி வந்து திறந்தால் திரை இருட்டு. ஃபேன் மட்டும் ஓடுகிறது. "பவர் பட்டனை அமுக்குடா" என்றான் அறை நண்பன். அமுக்கினேன். சேவ் பண்ணாத ஆறு பக்க ரிப்போர்ட் போயே போச்சு! விடிய விடிய மறுபடி டைப் அடித்தேன். நான் பட்டது நீங்கள் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சஸ்பெண்ட் என்றால் என்ன? எஸ்3 என்ற நிலையில் பிராசஸருக்கு மின்சாரம் நின்றுவிடும். ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். திறந்த ஃபைல்கள் தப்புவது அதனால்தான். ஆனால் தனி கிராபிக்ஸ் சிப்புக்குச் சொந்த நினைவகம் உண்டு. மின்சாரம் போனால் அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். தூங்கும் முன் அதை ராமிலோ டிஸ்கிலோ எடுத்து வைப்பதும், எழுந்ததும் திருப்பி வைத்து சிப்பின் ரிஜிஸ்டர்களை மறுபடி எழுதுவதும் டிரைவரின் வேலை. பழைய ஏபிஎம் முறையில் தூக்கத்தைப் பெரும்பாலும் பயாஸே பார்த்துக்கொண்டது. 1996 டிசம்பரில் வந்த ஏசிபிஐ முறை அந்தப் பொறுப்பை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்தது. டிரைவர் சொதப்பினால் திரை இருட்டுதான்.

இனி வைத்தியம். நான் சொல்வது லினக்ஸுக்கு.

1. கேப்ஸ் லாக்கை அமுக்குங்கள். லைட் மாறினால் பெரும்பாலும் கெர்னல் உயிரோடு இருக்கிறது. கெட்டது திரை மட்டுமே. உடனே பவர் பட்டனுக்குப் போகாதீர்கள்.

2. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். சில சமயம் எழுத்துத் திரை வரும். வராவிட்டால், எஸ்எஸ்ஹெச் முன்பே போட்டிருந்தால், பக்கத்து மெஷினிலிருந்து நுழையலாம். சேவ் பண்ணாதது அப்போதும் திரும்பாமல் போகலாம். ஆனால் முறையாக ஷட்டவுன் பண்ணலாம்.

3. மறுபடி பூட் ஆனதும் "ஜர்னல்சிடிஎல் -பி -1" கட்டளையில் முந்தைய பூட்டின் லாகைப் படியுங்கள். கடைசி வரிகளில் டிரைவரின் பெயர் வருகிறதா பாருங்கள்.

என் கேஸில் குற்றவாளி இதுதான்: டிரைவருடன் வந்த சஸ்பெண்ட், ரெஸ்யூம் சர்வீஸ்கள் இரண்டுமே ஆன் ஆகவில்லை! இரண்டையும் ஆன் செய்து, வீடியோ நினைவகத்தைக் காப்பாற்றும் ஆப்ஷனையும் போட்டேன். அது எழுதி வைக்கும் ஃபோல்டரில், சிப்பின் நினைவகம் முழுதும் கொள்ளுமளவு இடம் வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

சரி செய்த பின் வெறும் ஃபைலைத் திறந்து வைத்துப் பத்து தடவை மூடித் திறந்து பார்த்தேன். பத்து தடவையும் விழித்தது. ஆனாலும் இன்றுவரை மூடும் முன் என் விரல் தானாகக் கன்ட்ரோல் எஸ்ஸைத் தேடுகிறது. ரிவ்யூ வருகிறது, உங்கள் விரலையும் பழக்குங்கள்!