போர் விளையாட்டில் கடல் வானூர்திப் பிரிவு

கடல் வானூர்திப் பிரிவு என்பது, இரண்டாம் உலகப் போரின் கடற்சமர்களைச் சித்தரிக்கும் மேசைப் போர் விளையாட்டுகளில், நீரில் இறங்கி ஏறவல்ல வேவு வானூர்திகளைக் குறிக்கும் காய் ஆகும். எதிரியைக் கண்டறிந்து செய்தி அனுப்புவதே இதன் முதன்மைப் பணி. ஆகவே தாக்குதல், தற்காப்பு, வேகம் என்னும் வழக்கமான மூன்று எண்கள் மட்டும் இக்காய்க்குப் போதா. அவற்றை மட்டும் அச்சிட்டால் இது வலுக்குறைந்த குண்டுவீச்சு வானூர்தியாகிவிடும். ஆட்டக்காரர் இதைத் தொடவே மாட்டார்.

மறைந்த நகர்வு

எதிரியின் கப்பல்கள் பலகையில் வெளிப்படையாக நின்றால் வேவுக்கு வேலையில்லை. 1964இல் அவலோன் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'மிட்வே' விளையாட்டில் இரு தரப்பினரும் தம் கப்பல்களை மறைவாக நகர்த்தித் தேடலின் மூலம் ஒருவரையொருவர் கண்டறிந்தனர். நடுவர் ஒருவர் இருப்பின் இம்முறை மேலும் எளிதாகும்.

தொலைவும் நேரமும்

அமெரிக்காவின் கட்டலினா பறக்கும் படகை எடுத்துக்கொள்வோம். இது மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில் நெடுந்தொலைவு பறக்கும். ஓர் அறுகோணக் கட்டம் 50 கி.மீ., ஒரு சுற்று 1 மணி நேரம் எனக் கொண்டால் காய் சுற்றுக்கு 4 கட்டங்கள் நகரும். 1942 சூனில் மிட்வேயிலிருந்து 700 கடல் மைல், அதாவது சுமார் 1,300 கி.மீ. வரை தேடினர். இது 26 கட்டங்கள். போய்வர 13 சுற்றுகள். ஒரு தேடலுக்கு ஏறக்குறைய ஒரு பகல் செலவாகிறது.

ஒரு வானூர்திக்கு 8 பாகை கொண்ட வட்டத்துண்டைக் கொடுத்தால், அதன் வெளி விளிம்பின் அகலம் ஏறத்தாழ 180 கி.மீ. இருக்கும். விமானி இருபுறமும் 45 கி.மீ. பார்க்க முடியுமெனில், வெவ்வேறு பாதைகளில் போய்த் திரும்பும்போது அப்பரப்பு சரியாக அடங்கும். மேகத்தால் பார்வை பாதியானால் விளிம்பில் பாதி இடம் காணப்படாமற் போகும். எனவே அருகிலுள்ள கட்டங்களில் கண்டுபிடிப்பை உறுதியாக்கி, தொலைவிலுள்ளவற்றுக்கு மட்டும் பகடை உருட்டச் செய்வது பொருத்தமானது.

செய்தியின் தரம்

வடிவமைப்பின் கடினமான பகுதி இதுவே. 1942 சூன் 4 அன்று சப்பானியக் குரூசர் தோனேயின் 4ஆம் இலக்க வானூர்தி அரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. காலை 7:28க்குப் பத்துக் கப்பல்களைக் கண்டதாக அறிவித்தது. வானூர்தி தாங்கிக் கப்பல் போன்ற ஒன்று அவற்றுள் இருப்பதாகக் கூற ஏறத்தாழ 8:20 ஆயிற்று. அறிவித்த இடமும் பிழையானது. ஆகவே எண்ணிக்கை, வகை, இடம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பகடை தேவை. ஆனால் தாமதத்தை எப்போதும் தண்டனையாக்குதல் கூடாது. உரிய நேரத்தில் புறப்பட்டிருந்தால் அவ்வானூர்தி எதிரியைக் காணாமலே போயிருக்கலாம் எனச் சில வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து சென்ற கனடிய விமானி லியோனார்ட் பேர்ச்சலின் கட்டலினா, சப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்படுமுன் அச்செய்தி கரையை அடைந்திருந்தது. இதற்கேற்ப, காயை அகற்றுமுன் செய்தி சென்றதா எனப் பகடை உருட்டும் விதி வேண்டும்.

தளம்

தோனே வகைக் குரூசர்களின் எட்டு முதன்மைப் பீரங்கிகளும் முன்புறமே அமைந்தன. பின்புறம் வானூர்திகளுக்கு ஒதுக்கப்பட்டது. கவண்பொறி வானூர்தியை ஏவும். திரும்பியது நீரில் இறங்க, பாரந்தூக்கி அதை மேலேற்றும். ஆகவே வானூர்தியை ஏற்றும் சுற்றில் கப்பல் முழு வேகத்தில் செல்ல இயலாது என விதிக்கலாம். கடல் கொந்தளித்தால் இறங்குவதே ஆபத்தாகும்.

தொடக்க இடங்கள்

மிட்வேயின் வரலாற்றைப் படித்த ஆட்டக்காரர், சப்பானியர் வடமேற்கிலிருந்து வருவர் என்பதை முதற் சுற்றிலேயே அறிவார். அப்போது கட்டலினாக்கள் அனைத்தும் ஒரே திசையில் குவியும். எனவே இரு கடற்படைகளும் பலகையில் நுழையும் இடத்தையும் நேரத்தையும் சீட்டு எடுத்து முடிவு செய்வது நல்லது.