காலிக் கூண்டு எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை வடபழனியில் கறிக்கோழி வாங்க நிற்பவர்கள் விலையைக் கேட்பார்கள், தராசைப் பார்ப்பார்கள். கோழியை இறக்கிய வண்டியில் எச்சம் படிந்தபடி திரும்பிப் போகும் காலிக் கூண்டை யாரும் கவனிப்பதில்லை. பறவைக்காய்ச்சல் என்றதும் ஆம்லெட்டைத் தள்ளிவைக்கிற நாம், கொஞ்சம் பயத்தை அந்தக் கூண்டின் மீதும் வைக்கலாம்.

நெல்லூர் வரை வந்தது

இந்தியக் கோழிப் பண்ணைகளில் பறவைக்காய்ச்சலின் எச்5என்1 வகை முதலில் தெரிந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். அப்போது நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் நோயில்லை. முட்டை விலை மட்டும் விழுந்தது. 2021 தொடக்கத்தில் ஆலப்புழை, கோட்டயத்து வாத்துகளுக்கு எச்5என்8 என்ற இன்னொரு வகை வந்தது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்திலும் 2025இல் கோதாவரி மாவட்டங்களிலும் பறவைக்காய்ச்சல் தெரிந்தது. நெல்லூருக்கும் சென்னைக்கும் நடுவே இருப்பது வலசைப் பறவைகள் வந்திறங்கும் பழவேற்காடு ஏரி.

வானத்தில் பறக்கிற நாரையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் ஏரிக்கரையில் விழுந்த எச்சம் தானாகக் கொட்டகைக்குள் நடந்து வராது. செருப்பிலும் டயரிலும் முட்டை அட்டையிலும் ஒட்டிக்கொண்டுதான் வரும். எச்சத்தில் இந்த வைரஸ் 37 டிகிரி வெப்பத்தில்கூட ஆறு நாள் வரை தாங்கும்; குளிர்ந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல்.

கேட்டுக்கு உள்ளே

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் நிரம்பிய தொட்டி பல இடங்களில் உண்டு. தண்ணீர் சேறாகிக் கிடந்தால் அது வெறும் சடங்கு. எச்சமும் மண்ணும் கலந்தால் கிருமிநாசினியின் வீரியம் போய்விடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் மருந்து. கூண்டுக்கும் அதே வரிசைதான். சந்தைக்குப் போன கூண்டு கழுவாமல் பண்ணைக்குள் வந்தால், தொட்டி இருந்தும் பயனில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய ஓட்டையாகத் தெரிவது ஆட்கள். கோழி பிடிக்கிற குழு ஒரே இரவில் பல பண்ணைகளுக்குப் போகும். தடுப்பூசி போடுகிறவர், தீவனம் இறக்குகிறவர், வியாபாரி எல்லோரும் அப்படித்தான். உள்ளே நுழையும்போது பண்ணையின் உடையும் செருப்பும் கொடுத்து, வெளிச்செருப்பை வாசலிலேயே நிறுத்துவது அதிகச் செலவில்லாத காவல். பண்ணையில் வேலை செய்பவர் வீட்டில் சண்டைச் சேவல் வளர்ப்பதும் கூடாது. சொல்லச் சங்கடமான விதி இது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

குஞ்சுக் கொட்டகையை முதலில் பார்த்துவிட்டு வயதான கோழிகளிடம் போவது, சிட்டுக்குருவி நுழையாதபடி வலை கட்டுவது, குடிநீரில் குளோரின் கலப்பது ஆகியவை வெள்ளைக்கழிச்சல் என்ற இன்னொரு கோழி நோய்க்கும் சேர்த்தே அரண். அந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதைத் தயாரிக்கிறது. ஆனால் எச்5என்1 வந்துவிட்டால் நம் நாட்டில் கோழிகளைக் கொன்று புதைப்பதே நடைமுறை.

மறைத்தால் இரட்டை நஷ்டம்

தீவனம் மீந்துபோவதும் முட்டை குறைவதும் சாவுக்கு முன்னரே தெரியலாம். தினக்கணக்கு எழுதுகிறவர் கண்ணில்தான் படும். சாவு திடீரென்று ஏறினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் கோழிகள் அழிக்கப்படும், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நடக்கும். அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே செத்ததற்குக் கிடையாது. செத்ததை வாய்க்காலில் வீசிவிட்டு மூடிமறைத்தால் பணமும் போகும், பக்கத்துப் பண்ணையும் போகும்.

வீட்டுச் சமையலறையில்

70 டிகிரியில் உள்வரை வெந்த கறியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் பிழைக்காது. 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை எச்5என்1 தாக்கி இறந்தது. பச்சைக் கோழித்துண்டைத் தின்றதாகச் செய்தி வந்தது. கறி நறுக்கும் பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். அரைவேக்காட்டு முட்டை சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். தெருவில் காக்கைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள்.