பனிமலைப் பாடம் – 9: ‘வேண்டாம்’ என்று சொல்லவும் பயிற்சி வேண்டும்

முதல் நிலைப் பனிச்சரிவுப் பயிற்சியில் என்னென்ன சொல்லித்தருவார்கள் என்று போன வாரம் பார்த்தோம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடங்களில்தான் கிளம்புகின்றன; புதுப்பனி கொட்டிய மறுநாள் கூடுதல் கவனம் வேண்டும்; டிரான்ஸ்சீவர் (புதைந்தவரை சிக்னல் வழியே தேடும் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பு), ஷவல் (பனி அள்ளும் மண்வாரி) மூன்றும் இல்லாமல் மலையேறக் கூடாது. இவ்வளவும் தெரிந்தவர்கள் பனிச்சரிவில் சிக்கிச் சாவதில்லையா? சாகிறார்கள். இரண்டாம் நிலைப் பயிற்சி தொடங்குவதே இந்த இடத்தில்தான்.

2012 பிப்ரவரி 19. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரில் இருக்கும் ஸ்டீவன்ஸ் பாஸ். அதற்கு முந்தைய நாட்களில் புதுப்பனி கனமாகக் கொட்டியிருந்தது. சறுக்குத்தளத்தின் எல்லையைத் தாண்டி, டன்னல் கிரீக் பக்கமாக இறங்க 16 பேர் திரண்டார்கள். அவர்களில் கற்றுக்குட்டிகள் இல்லை. சறுக்குப் போட்டிகளின் நடுவர், சறுக்கு இதழ்களில் பணியாற்றியவர்கள், தொழில்முறை வீரர்கள், அந்த மலையை உள்ளங்கைபோல் அறிந்த உள்ளூர்க்காரர்கள். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பலர் படித்தும் இருந்தார்கள். ஆனாலும் சரிவு உடைந்தது. மூன்று பேர் இறந்தார்கள். எலிஸ் சாக்ஸ்டாட் என்ற வீராங்கனை, முதுகுப்பையிலிருந்த காற்றுப்பையை இழுத்து விரித்துக்கொண்டதால் பிழைத்தார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் ஜான் பிரான்ச் எழுதிய ‘ஸ்னோ ஃபால்’ 2013இல் புலிட்சர் பரிசு பெற்றது. பிழைத்தவர்கள் அவரிடம் சொன்னதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அன்று பலருக்கு உள்ளூரத் தயக்கம் இருந்திருக்கிறது. கூட்டம் அதிகம் என்றும் தோன்றியிருக்கிறது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை விவரமானவர்கள் போகும்போது நாம் என்ன சொல்ல என்று அவரவர் அடங்கிப்போனார்கள்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை அலசியிருந்தார். பழகிய இடம் என்ற தைரியம், கூட இருப்பவர்கள் மெச்ச வேண்டும் என்ற ஆசை, கிளம்பியாகிவிட்டது என்ற பிடிவாதம், கூட்டத்தில் ஒருவரை நிபுணராக நம்பிவிடுவது, யாரும் தொடாத பனியில் முதலில் இறங்கும் வேட்கை என்று மனம் விழும் குழிகளை வரிசைப்படுத்தினார். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களும் பழகிய மலையில், பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்கு ஆபத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் கண்டவற்றில் முக்கியமானது.

அதனால்தான் இரண்டாம் நிலையில் பனியைப் படிப்பதோடு கூட்டத்தைப் படிக்கவும் கற்றுத்தருகிறார்கள்.

பனியைப் படிப்பது எப்படி? குழி தோண்டி, அடுக்கு அடுக்காகப் பார்க்க வேண்டும். மேலே கெட்டியான பலகைபோல் புதுப்பனி. அதன் அடியில் சர்க்கரைபோல் உதிரும் பழைய படிகங்கள். இந்த அடியடுக்கு பலவீனமாக இருந்தால், ஒரு ஆளின் எடை போதும், மேல்பலகை மொத்தமாக வழுக்கிவிடும். இதைச் சோதிக்க சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. இருக்குமாறு ஒரு பனித்தூணைச் சுற்றிலும் வெட்டிப் பிரித்து, அதன் ஒரு ஓரத்தில் ஷவலை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் தூணின் மறுஓரம்வரை ஓடிவிட்டால் அந்தச் சரிவை விட்டு விலக வேண்டும். ஓடாவிட்டால்? போகலாம் என்று அர்த்தமில்லை. இருபதடி தள்ளித் தோண்டினால் பனி வேறு கதை சொல்லும். ‘போகாதே’ என்பதற்குச் சோதனை சாட்சி சொல்லலாம். ‘போ’ என்பதற்கு அது மட்டும் சாட்சியாகாது.

ஸ்ப்ளிட்போர்டு என்ற, இரண்டாகப் பிளக்கக்கூடிய பனிச்சறுக்குப் பலகையில் போகிறவர்களுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஏறும்போது இரண்டாகப் பிளந்திருக்கும் பலகையை இறங்குவதற்கு ஒன்றாகப் பூட்ட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மேலே எந்தச் சரிவும் தொங்காத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். பனிச்சரிவில் சிக்கினால் ஸ்கீ கட்டை காலைவிட்டுக் கழன்றுவிட வாய்ப்பு உண்டு. ஸ்ப்ளிட்போர்டு பொதுவாகக் கழலாது. ஆளைப் பனிக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

மீட்புப் பயிற்சியும் இந்த நிலையில் கடுமையாகிறது. ஒருவர் அல்ல, இரண்டு மூன்று பேர் புதைந்தால் யாரை முதலில் தேடுவது? டிரான்ஸ்சீவர் காட்டும் சிக்னல்களைப் பிரித்தறிவது எப்படி? புரோப்பில் ஆள் தட்டுப்பட்டதும், கூடியிருப்பவர்கள் ‘வி’ வடிவில் நின்று மாறி மாறி அள்ளினால்தான் வேலை வேகமாகும். 15 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம் என்று 1994இல் வெளியான சுவிஸ் கணக்கு சொன்னது. அண்மைக்கால ஆய்வு அந்த அவகாசத்தை 10 நிமிடமாகக் குறைத்துவிட்டது. கீழேயிருந்து மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. கூட வந்தவர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆனால், தோண்டுவதற்கு அவசியமே வராமல் பார்த்துக்கொள்வதுதான் பயிற்சியின் நோக்கம். அதற்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறார்கள். எந்தச் சரிவில் இறங்கலாம், எதில் கூடாது என்பதை வீட்டிலேயே பேசி எழுதிவைக்க வேண்டும். மலையுச்சியில் ஆசை வந்தபின் பட்டியலை நீட்டக் கூடாது. ஆபத்தான சரிவில் ஒவ்வொருவராக இறங்க வேண்டும்; மற்றவர்கள் பார்வையை எடுக்கக் கூடாது. கூட்டத்தில் ஒரே ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கேலி பேசக் கூடாது. திரும்பிவந்தபின் எல்லோரும் உட்கார்ந்து, இன்று சரியாக முடிவெடுத்துப் பிழைத்தோமா, அதிர்ஷ்டத்தில் பிழைத்தோமா என்று பேச வேண்டும்.

மலைக்குப் போகத் துணை தேடும்போது, வருகிறவர் எவ்வளவு வேகமாகச் சறுக்குகிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று நீங்கள் சொன்னால், முகம் சுளிக்காமல் திரும்புகிறவரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு போகாமல் இருப்பதே நல்லது.

(தொடரும்)