மரத்துக்குள் இறங்கிய மை

வலிமையான தூரிகை எழுத்தைச் சீனர்கள் ‘ரூ மூ சான் ஃபென்’ என்று பாராட்டுவார்கள். மரத்துக்குள் மூன்று ஃபென் ஆழம் என்று பொருள். ஒரு ஃபென் என்பது சீன அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. 4ஆம் நூற்றாண்டு எழுத்துக் கலைஞர் வாங் ஷீஜி வழிபாட்டுப் பலகை ஒன்றில் எழுதினார். பின்னாளில் அதைச் சீவிய தச்சர், மை அவ்வளவு ஆழம் ஊறியிருக்கக் கண்டார் என்பது கதை.

அழுத்தி எழுதினால் இந்த வலிமை வராது. மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றும் சேர்ந்து இயங்க வேண்டும். தூரிகையின் நுனி கோட்டின் நடுவிலேயே ஓட வேண்டும்.

இந்தத் தூரிகைக் கலையை வளர்த்த சீனர்களின் கப்பல்கள் அறிந்த முத்துக்கரை, தமிழகத்தின் காயல்பட்டினப் பகுதி. மிங் அரசமரபின் வரலாற்று நூல் காயலை ‘ஜியாயிலே’ என்று குறிக்கிறது. அந்த அரசமரபின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டு, இலங்கையின் காலி நகரில் 1911இல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் உள்ளன. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம்.

காயல்பட்டினப் பள்ளிவாசல்களின் பழைய கல்வெட்டுகள் சிலவற்றில் இருப்பது அரபு எழுத்து. அரபு எழுத்துக் கலையின் கருவி தூரிகை அல்ல, நாணல் பேனா. முனையைச் சாய்வாக வெட்டுவதால் ஒரே இழுப்பில் தடிப்பும் மெலிவும் கிடைக்கும்.