வேருக்குள் ஒரு உரத் தொழிற்சாலை

யூரியா மூட்டையைத் தொடாமலே சோயா விளைவிக்க முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள் பிரேசில் விவசாயிகள்!

விதைப்பதற்கு முன் சோயா விதையில் ரைசோபியா என்னும் நுண்ணுயிரைக் கலந்துவிடுகிறார்கள். அது வேரில் சின்னச் சின்ன முடிச்சுகளுக்குள் குடியிருந்துகொண்டு, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது.

ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், நுண்ணுயிர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிரேசிலில் இந்த முறைக்காக உறுதியாக நின்றவர் யோஹானா டோபெரெய்னர் என்ற பெண் விஞ்ஞானி. இந்த முறையால் விவசாயிக்கு உரச் செலவு மிச்சம். உரம் கரைந்தோடி ஆற்றுநீர் கெடுவதும் குறைகிறது.

மண்ணுக்குள் சத்தமில்லாமல் உழைக்கும் இந்தச் சின்ன உயிர்களையும் நாம் காப்பாற்ற வேண்டும், இல்லையா?